நாற்பத்தொன்றாம் சேவல்

நாமக்கல்
22.01.2023

அன்புள்ள அம்மிணி யாழினிக்கு,

உன் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த உன் நங்கை கலைமணி எழுதுவது. இங்கே நானும் பதினெட்டாயிரம் கோழிகளும் சுகம். உன் அண்ணனும் உன் அம்மாவும் சுகம். அங்கே பனி எப்படி, உன் இருமல் விட்டதா? ஊர்க் கோழிகளின் இருமலையெல்லாம் ஆராய்கிறவள், சொந்த இருமலுக்கு ஒரு கஷாயம் வைத்துக் குடிக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். உன் போன் வந்தால் அத்தை ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார்கள். ஹால் நடுவில் உட்கார்ந்துகொண்டு உன்னிடம் நான் என்ன பேசிவிட முடியும்? பதில் எழுதினால் பண்ணை அறை விலாசத்துக்கு எழுது. தபால்காரர் என் கையிலேயே கொடுத்துவிடுவார்.

உனக்கு விருது கிடைத்த செய்தி படத்தோடு பேப்பரில் வந்தது. அத்தை அதை வெட்டி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறார்கள். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் உன் முகத்தைத் திறந்து மூடுகிறேன். எங்கள் பண்ணைச் சேவல்களில்தான் உன் ஆராய்ச்சி தொடங்கியது என்று நீ சொல்லியிருந்ததைப் படித்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த நாற்பது சேவலுக்கும் காலில் நம்பர் வளையம் மாட்டியது நான்தான் என்று முட்டை பொறுக்கும் பெண்களிடம் பீற்றிக்கொண்டேன்.

ஒரு சின்னக் குறையும் சொல்ல வேண்டும். பொய்க்கோழி என்று பத்திரிகையில் எழுதினாயே, அந்த வார்த்தை இப்போது ஷெட்டுக்கு ஷெட் புழங்குகிறது. குஞ்சிலேயே மூச்சுக்குழல் வைரஸ் தாக்கி, முட்டைக்குழல் கெட்டுப்போய், வளர்ந்தபின் கொண்டை சிவந்து முட்டை வைக்கிற கோழி மாதிரியே நின்றுகொண்டு ஒரு முட்டையும் வைக்காத கோழி. சொல்லிப் புரிய வைக்க இரண்டு நாள் ஆகிற விஷயத்தை ஒரே வார்த்தையில் அடக்கிவிட்டாய் என்று எல்லோரும் மெச்சுகிறார்கள்.

போன வாரம் வேலூரில் ஒரு காதுகுத்து விருந்து. பந்தியில் யாரோ உன் பெயரை எடுத்தார்கள். அத்தை இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடி, "அவ எங்கெங்கியோ போயிக் கண்டுபுடிக்கறாளுங்க. எங்க ஊட்லயே ஒரு பொய்க்கோழி நிக்குதுங்க. தீவனந் தின்னுபோட்டு, கொண்டை செவந்து, பதனோரு வருசமா நிக்குது" என்றார்கள். வரிசை முழுக்கச் சிரித்தது. நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். நானும் சிரித்தேன்.

உன்னைக் குறை சொல்லி என்ன, அந்த வார்த்தையைக் கொடுத்தவளே நான்தான். நினைவிருக்கிறதா? மூன்று கோழிகளை அறுத்துப் பார்த்தோம். உள்ளே முட்டைக்குழல் இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர்ப் பை. இதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று நீ கேட்டாய். பொய் சொல்ற கோழி அம்மிணி என்றேன் நான். நீ அதைச் சுருக்கி எழுதிக்கொண்டாய். அடுத்த முறை அத்தையிடம் பேசும்போது அது கோழிக்கு வைத்த பெயர் என்று மட்டும் சொல்லிவிடு. நீ சொன்னால் கேட்பார்கள்.

என்றும் உன் அன்பு
நங்கை கலைமணி


ரோஸ்டாக், ஜெர்மனி
14.02.2023

என் பிரியமான நங்கைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கவரைப் பிரித்ததுமே பண்ணை வாசனை அடித்தது. ஆய்வகத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வைரஸ் வந்துவிட்டதோ என்ற பயம் அவர்களுக்கு.

அம்மா பேசியதைப் படித்து வருத்தமாக இருந்தது. அம்மாவின் வாய் உங்களுக்குத் தெரியாததா? ஆனால் ஒன்று நங்கை, அறிவியல் சொல்லுக்கு வசவு கிடையாது. அதைப் பயன்படுத்துகிறவர்கள் மனதில்தான் வசவு இருக்கிறது. நீங்கள் மனதில் போட்டுக்கொள்ளாதீர்கள். சமயம் பார்த்து அம்மாவிடம் சொல்கிறேன்.

இப்போது ஒரு நல்ல செய்தி. செப்டம்பரில் நாமக்கல் வருகிறேன். நான் படித்த கல்லூரியில் பண்ணையாளர்களுக்காக ஒரு சொற்பொழிவு கேட்டிருக்கிறார்கள். இனப்பெருக்கம் படித்தவள் எப்படி மூச்சு வைரஸுக்கு வந்தேன் என்று சொல்லப்போகிறேன். அந்தக் கதை நாற்பத்தொன்றாம் எண் சேவலில் தொடங்குகிறது. ஆட்டமும் கூவலுமாக இருந்த சேவல், விந்தில் ஓர் அணு கூட இல்லை. தொண்டையில் பஞ்சு வைத்து எடுத்துப் பார்த்தால் வைரஸ். மூச்சில் நுழைந்தது விந்தில் போய் வேலை செய்திருக்கிறது. "அம்மா, மத்த நாற்பதும் சும்மா. இந்த ஒண்ணுதான் உன் ஆராய்ச்சி" என்றார் என் வழிகாட்டி தீர்த்தகிரி சார். அந்த ஒரு சேவலைப் பற்றி எழுதிய கட்டுரைதான் என்னை இங்கே கொண்டுவந்தது.

ஸ்டோர் ரூமில் என் தகரப் பெட்டி இருக்கும். அதில் பச்சை அட்டை போட்ட 2014 நோட்டைத் தேடி, பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புங்கள். திரையில் போட்டுக் காட்ட வேண்டும். நீல அட்டையில் ஒரு கிறுக்கல் நோட்டும் கிடக்கும். அது எதற்கும் ஆகாது. கரையான் தின்றது போக மிச்சம் இருந்தால் எரித்துவிடுங்கள்.

முத்தங்களுடன்
யாழினி


நாமக்கல்
30.03.2023

அன்புள்ள அம்மிணிக்கு,

பச்சை நோட்டின் படங்கள் வந்திருக்கும். இந்தக் கடிதம் நீல நோட்டைப் பற்றியது. அதற்கு முன் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

இருபதாம் தேதி என்னைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போய் முதல் கையெழுத்து வாங்கினார்கள். இருவரும் சம்மதித்துப் பிரிகிறோமாம். ஆறு மாதம் கழித்து, செப்டம்பர் இருபத்தைந்தாம் தேதி இரண்டாவது கையெழுத்து. அதோடு நான் இந்த வீட்டுக்கு யாரும் இல்லை. பெண்ணும் பார்த்தாகிவிட்டது. ராசிபுரம் பக்கம், பெயர் இனியா, இருபத்தாறு வயது. நான் ஏன் கையெழுத்துப் போட்டேன் என்று கேட்பாய். பதினோரு வருடம் சேலம், ஈரோடு, கோயம்புத்தூர் என்று ஏறி இறங்கி, ஊசி குத்தாத இடம் இல்லாமல் குத்தி, வயிற்றில் மூன்று துளை போட்டுப் பார்த்தும் ஒன்றும் இல்லை என்றால், யாராக இருந்தாலும் போடுவார்கள். கோயம்புத்தூர் டாக்டரம்மா மட்டும், உனக்கு ஒரு குறையும் தெரியவில்லை, வீட்டுக்காரரைக் கூட்டி வா என்றார். உன் அண்ணன் வரவில்லை. எதற்கு வர வேண்டும்? 2014லேயே யாழினி லேபில் பார்த்தாகிவிட்டது, குறையில்லை என்று யாழினியே சொல்லிவிட்டாள். அத்தை இதைச் சொல்லாத ஆஸ்பத்திரி இல்லை.

இப்போது நோட்டுக்கு வருகிறேன். எரித்துவிடு என்று நீ எழுதாமல் இருந்திருந்தால் நான் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டேன்.

நீல நோட்டில் ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி. சேவல் எண் 41. அளவு 2.8 மில்லி. அணு இல்லை. பச்சை நோட்டில் அதே தேதி, அதே எண். அளவு 0.28 மில்லி. அணு இல்லை.

அம்மிணி, சேவல்களைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். முதுகை நீ நீவிவிடுவாய், குழாயை நான் அடியில் பிடிப்பேன். ஒரே ஒரு தடவை தவிர எந்தச் சேவலும் அரை மில்லியைத் தாண்டியதில்லை. அன்று ஒரு சேவல் முக்கால் மில்லி தந்ததற்கு நாம் இருவரும் அதற்குத் தனியாகக் கம்பு தானியம் வைத்தோம். இது மட்டும் மூன்று மில்லிக்குப் பக்கத்தில் தந்திருக்கிறது.

இன்னொன்று. வளையம் ஐம்பது வாங்கினோம். நாற்பதைத்தான் மாட்டினேன். 41 முதல் 50 வரை பத்து வளையம் அதே டப்பாவில், நூலில் கோத்தபடி, இன்னும் மினுமினுவென்று இருக்கிறது.

அந்த ஒன்பதாம் தேதியும் எனக்கு நினைவிருக்கிறது. காலையில் அத்தை டிபன் பையில் எதையோ துணி சுற்றி எடுத்துக்கொண்டு, யாழினிக்குச் சோறு கொடுத்துவிட்டு வருகிறேன் என்று பஸ் ஏறினார்கள். நீ அன்று சோறு கொண்டுபோயிருந்தாய். கட்டிக் கொடுத்ததே நான்தான்.

உன்னைத் திட்டப் போவதில்லை. ஒரே ஒரு வாக்கியம் கேட்கிறேன். இரண்டாவது கையெழுத்துக்கு முன்னால், உன் அண்ணனிடம் நீயே உன் வாயால் சொல்லிவிடு. நான் சொன்னால் நம்ப மாட்டார். குறையில்லை என்று சொன்னவள் நீ. அதைத் திரும்ப வாங்க வேண்டியவளும் நீதான்.

எனக்கு அந்த வீடு வேண்டும் என்றுகூட இல்லை. குறை என்னிடம் இல்லை என்று தெரிந்தபின் அவர் போகச் சொன்னால் போகிறேன். அந்தப் பெயரோடு போக மாட்டேன்.

நங்கை


ரோஸ்டாக்
21.04.2023

நங்கைக்கு,

மூன்று வாரம் எழுத உட்கார்ந்து எழுந்தேன். உங்களிடம் இனி மறைக்க ஒன்றும் இல்லை.

ஆமாம். அது அண்ணனுடையது. ஆஸ்பத்திரியில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று அண்ணன் மறுத்ததால் அம்மா என்னிடம் கொண்டுவந்தார்கள். நுண்ணோக்கியில் பார்த்தேன். பார்த்ததும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அந்த லேப் வாசலிலேயே என் காலைப் பிடித்துக்கொண்டார்கள். "சாமி, இது அவனுக்குத் தெரிஞ்சா உசுரோட இருக்க மாட்டான். குறையில்லீன்னு ஒரு வார்த்தை சொல்லு. நீ எந்த நாட்டுக்கு வேணும்னாலும் போ, நான் தடுக்கல" என்றார்கள். அப்போது எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். இதைத் தவிர எனக்கு வேறு வாசல் இருக்கவில்லை. அண்ணனுக்கு இன்று வரை எதுவும் தெரியாது.

மேசையில் பெயரில்லாத குழாய் இருக்கக் கூடாது என்பது எங்கள் லேப் விதி. அதனால் 41 என்று எழுதி ஒட்டினேன். மறுநாள் தீர்த்தகிரி சார் என் கிறுக்கல் நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்து அந்த வரியில் விரலை வைத்தார். அப்படி மகிழ்ந்து நான் அவரைப் பார்த்ததே இல்லை. அளவு எழுதியதில் புள்ளி தவறிவிட்டது போல, பார்த்துச் சரி செய் என்றும் அவரேதான் சொன்னார். நான் சரி செய்தேன். தொண்டையில் எடுத்த வைரஸ் வேறொரு சேவலுடையது. அதையும் 41இன் பெயரில் எழுதினேன்.

அந்தப் புள்ளியின் மேல்தான் நங்கை இந்த எட்டு வருடமும் நிற்கிறது. என் வேலை, என் ஆய்வுக் குழு, என்னை நம்பி வந்த மூன்று மாணவர்கள். அந்தச் சேவல் பொய் என்றால் அதற்குப் பிறகு நான் கண்டுபிடித்த உண்மைகளையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆனாலும் சொல்கிறேன். கடிதத்தில் இல்லை, செப்டம்பரில் நேரில் வந்து அண்ணனைத் தனியாக உட்கார வைத்துச் சொல்கிறேன். இது என் சத்தியம். அதுவரை யாரிடமும் பேசாதீர்கள். அந்த நோட்டை மட்டும் எரித்துவிடுங்கள். என் மேல் உங்களுக்கு இருந்த பிரியத்தை நினைத்துக் கேட்கிறேன்.

உங்கள்
யாழினி


வாழப்பாடி
08.10.2023

யாழினிக்கு,

நான் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டேன். விலாசம் மேலே இருக்கிறது.

உன் சொற்பொழிவுக்கு வந்திருந்தேன். பண்ணையாளர்களோடு மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நீ என்னைப் பார்த்தாய், பார்த்துச் சிரிக்கவும் செய்தாய். திரையில் சேவல் படம் வந்தது. என் வாழ்க்கையை மாற்றிய நாற்பத்தொன்று என்றாய். அரங்கம் கைதட்டியது. அந்தப் படத்தில் இருந்தது பதினேழாம் எண் சேவல். கொண்டையில் இடது பக்கம் கிழிந்திருக்கும், பெருச்சாளி கடித்தது. மஞ்சள் பத்துப் போட்டவள் நான். எனக்குத் தெரியாமல் போகுமா? நானும் கைதட்டினேன். பக்கத்தில் இருந்த மாரியாயி அக்கா, மேடையில் பேசுவது என் நாத்தனாரா என்று கேட்டார்கள். ஆமாங்க என்றேன்.

ஆறு நாள் அந்த வீட்டில் இருந்தாய். ஆறு நாளும் நான் சமைத்தேன். முதல் நாள் உனக்குக் களைப்பு. இரண்டாம் நாள் பாராட்டுக் கூட்டம். மூன்றாம் நாள் உன் அண்ணன் உன்னைத் தோட்டம் பார்க்கக் கூட்டிப்போனார். திரும்பி வரும்போது உங்கள் இருவர் முகத்தையும் பார்த்தேன். அவர் இளநீர் குடித்துக்கொண்டே வந்தார். நீ ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. நான்காம் நாள் இனியாவின் வீட்டுக்குப் போய்ப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தீர்கள். கார் ஏறும்போது, போன்ல பேசறேனுங்க நங்கை என்றாய். எனக்கு ஒரு வாசனை பாட்டிலும் கொடுத்தாய்.

இருபத்தைந்தாம் தேதி கையெழுத்துப் போட்டேன். நீதிபதி, மனப்பூர்வமாகத்தானே என்று கேட்டார். ஆமாங்க என்றேன். வெளியே வந்து மரத்தடியில் நின்றபோது உன் அண்ணன் எனக்கு மோர் வாங்கி வந்து கொடுத்தார். "யாழினி பாத்துட்டுக் குறையில்லீன்னு சொன்னா கலை. அப்பறம் நான் என்ன பண்றது?" என்றார். கண் கலங்கியிருந்தது. நடிக்கவில்லை அம்மிணி, மனிதர் நிஜமாகவே நம்புகிறார். அப்போது வாய் வரைக்கும் வந்தது. ஆனால் குறை சொல்லித் துரத்தப்பட்டவள் கடைசியில் குறையை அவர் தலையில் போட்டுவிட்டுப் போனாள் என்றுதானே ஊர் பேசும்? சொல்ல வேண்டியவள் விமானம் ஏறியிருந்தாள். மோரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கொடுத்தேன்.

என் துணிமணியோடு நீல நோட்டையும் வளைய டப்பாவையும் எடுத்து வந்திருக்கிறேன். எரிக்கவில்லை. பயப்படாதே, நான் எங்கும் கொண்டுபோய்க் கொடுக்க மாட்டேன். இங்கிலீஷில் கடிதம் எழுதி உன் வேலையைப் பறிக்கிற அளவுக்கு எனக்குப் படிப்பு இல்லை. விருப்பமும் இல்லை.

இங்கே ஒரு குஞ்சு பொரிப்பகத்தில் மேற்பார்வைக்கு எடுத்திருக்கிறார்கள். குஞ்சு இருமினால் காதிலேயே கண்டுபிடித்துவிடுகிறேன் என்று ஆச்சரியப்படுகிறார்கள். நீ கற்றுக்கொடுத்தது.

பதில் எழுதுவாய் என்று இன்னும் நினைக்கிறேன். அதுதான் எனக்கு என் மேலேயே கோபம்.

கலைமணி


ரோஸ்டாக்
19.08.2024

அன்புள்ள கலைமணி அக்காவுக்கு,

பத்து மாதம் பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்கக்கூட எனக்குத் தகுதி இல்லை. பல முறை தொடங்கிக் கிழித்தேன்.

இப்போது அவசரமாக எழுதுகிறேன். நவம்பரில் அண்ணன் கல்யாணம் நடந்தது உங்களுக்குத் தெரியும். இனியா இப்போது நான்கு மாதம். அண்ணன் தலைகால் புரியாமல் இருக்கிறான், ஊரெல்லாம் ஸ்வீட் கொடுத்திருக்கிறான். அம்மா தினமும் எனக்குப் போன் செய்து அழுகிறார்கள். "அது யாரு புள்ளைன்னு கேக்க எனக்கு வாயில்லாமப் போச்சு சாமி. நான் கேட்டா உனக்கெப்படித் தெரியும்னு அவன் கேப்பான்" என்கிறார்கள். சாப்பாடு இறங்கவில்லையாம். நம் குடும்பத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு குழந்தை இந்த வீட்டு வாரிசாக வளர்வதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது என்கிறார்கள்.

யோசித்துப் பார்த்தேன். அண்ணனிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். இனியும் மறைப்பது பாவம். ஆனால் வெறும் வார்த்தையை அவன் நம்ப மாட்டான். அச்சில் இருப்பது எல்லாமே அதைச் சேவல் என்கிறது. நீல நோட்டு ஒன்றுதான் சாட்சி. தயவுசெய்து அதைக் கூரியரில் அம்மாவுக்கு அனுப்பிவிடுங்கள். அவனிடம் தனியாகக் காட்டுவோம். வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளலாம்.

இதில் உங்களுக்கும் நியாயம் கிடைக்கும் அக்கா. குறை உங்களிடம் இல்லை என்று அண்ணனுக்குத் தெரிந்துவிடும். நீங்கள் கேட்டது அதைத்தானே? அவன் உங்களைத் திரும்பக் கூப்பிட்டாலும் ஆச்சரியப்பட மாட்டேன். அம்மாவும் இப்போது உங்களைப் பற்றி நல்ல விதமாகத்தான் பேசுகிறார்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
யாழினி


வாழப்பாடி
02.09.2024

மதிப்பிற்குரிய டாக்டர் யாழினி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எனக்காக ஒன்பது வருடம் சொல்ல முடியாத உண்மையை, அந்தப் பெண்ணுக்கு எதிராக நான்கு மாதத்தில் சொல்லத் துணிந்திருக்கிறீர்கள். வாழ்த்துகள்.

மார்ச் மாதம் இனியா இங்கே வந்தாள். சேலம் வந்து பஸ் மாறி, விசாரித்துக்கொண்டு பொரிப்பகத்துக்கே வந்துவிட்டாள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றாள். "அக்கா, உங்களுக்கு உண்மையிலயே என்ன குறைங்க? கல்யாணமாகி நாலு மாசந்தான் ஆகுது, அதுக்குள்ள என்னையும் பொய்க்கோழிங்கறாங்க" என்றாள். உங்கள் அம்மா எல்லாம் தெரிந்துகொண்டே அவளையும் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். வீட்டில் பழகிப்போன வார்த்தை, சும்மா இருக்குமா?

அவளை உட்கார வைத்துச் சோறு போட்டேன். நீல நோட்டைத் திறந்து அந்த வரியைக் காட்டினேன். எல்லாம் சொன்னேன். எனக்கு எவருமே சொல்லாததை அவளுக்கு நான் சொன்னேன், அவ்வளவுதான். ரொம்ப நேரம் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தீப்பெட்டி கேட்டாள். செத்த குஞ்சுகளை எரிக்கிற குழி பின்னால் இருக்கிறது. அதில் போட்டோம். முழுதும் எரிகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போனாள். நீங்கள் இரண்டு முறை எரிக்கச் சொன்னீர்கள். எரித்தாகிவிட்டது.

அதற்குப் பிறகு அவள் என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் மாட்டேன். ஒருவேளை உங்கள் அண்ணனுடைய குழந்தையாகவே இருக்கலாம். ஒரே தடவை பார்த்துவிட்டுச் சேவலைக் கழிக்கக் கூடாது, மூன்று தடவை பார்க்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். என் விஷயத்தில் ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டீர்கள். இனி அதையும் உங்களால் நிச்சயமாகச் சொல்ல முடியாது. உங்கள் அம்மா அந்தக் குழந்தையின் முகத்தைத் தினமும் பார்த்துத் தேடட்டும். நீங்களும் ஊருக்கு வரும்போதெல்லாம் தூக்கிக் கொஞ்சித்தான் ஆக வேண்டும். அதன் பிறந்தநாளுக்கெல்லாம் நீங்கள் போன் செய்தால், ஸ்பீக்கரில் போடச் சொல்வார்கள்.

வளைகாப்புக்கு அவசியம் வாருங்கள். நாத்தனார் நீங்கள்தான் முதல் வளையல் போட வேண்டும்.

அண்ணனிடம் சொல்ல வேண்டும் என்றால் தாராளமாகச் சொல்லுங்கள். அவர் என்னிடம் வந்து கேட்பார். யார் வந்து கேட்டாலும் நான் சொல்லப்போவது ஒன்றுதான். அன்றைக்குப் பண்ணையில் நாற்பத்தொரு சேவல் இருந்தது. நாற்பத்தொன்றுக்கும் வளையம் மாட்டியவள் நான். கடைசிச் சேவல் தந்தது சைபர் புள்ளி இருபத்தெட்டு. உங்கள் கட்டுரையில் இருப்பது ஒவ்வொரு எழுத்தும் உண்மை. எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். அங்கே ஏற்கெனவே மனப்பூர்வமாக ஒரு பொய் சொல்லிப் பழக்கம் இருக்கிறது.

டப்பாவில் இப்போது ஒன்பது வளையம்தான் இருக்கிறது. நாற்பத்தொன்றாம் எண்ணை இங்கே ஒரு சேவலுக்கு மாட்டிவிட்டேன். வெள்ளைச் சேவல், நன்றாகத் தின்கிறது. காலையில் நான் கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டதும் கூவுகிறது.

இப்படிக்கு
கலைமணி